மல்லாட்டைத் தோலின் விலை

ஒரு பொருளுக்கு விலையே இல்லை என்று காகிதத்தில் எழுதும் தைரியம் இருபத்து நாலு வயதில்தான் வரும். எனக்கு வந்தது.

எண்பதுகளின் நடுவில், கைவசமிருந்த வேலையை விட்டுவிட்டு, மல்லாட்டைத் தோலை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) காயவைத்து, அரைத்து, சூட்டில் அழுத்தி எரிகட்டியாக்கும் தொழிற்சாலைக்குத் திட்டம் போட்டேன். செங்கல் சூளைக்காரர்கள் விறகுக்குப் பதில் அதை வாங்குவார்கள் என்பது கணக்கு. உலர்த்தி, அரவை இயந்திரம், மின்சாரம், கூலி எல்லாவற்றுக்கும் செலவு போட்டேன். மூலப்பொருள் என்ற இடத்தில் மட்டும் பூஜ்யம். மில்காரர்கள் தோலை வெளியே கொட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். (எரிப்பதற்கு யாராவது காசு கேட்பார்களா?)

எவ்வளவு தோல் கிடைக்கும் என்று தெரிய வேண்டுமே. இன் பண்ணிய சட்டையும் கையில் ஃபைலுமாகத் திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற ஒரு மில் விடாமல் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும், "எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு விழுப்புரம் திரும்பினேன்.

அடுத்த மாதம் கடனுக்காக வங்கி மேலாளர் நேரில் பார்க்க வந்தார். முதல் மில்லில் நுழைந்ததும், "தோல் இங்க சும்மாவே கிடைக்கும் சார்" என்றேன்.

மில் முதலாளி நிமிர்ந்தார்.

"யாருங்க சொன்னது சும்மான்னு? போன மாசம் ஒரு கம்பெனிக்காரரு ஃபைல தூக்கிக்கினு மில்லு மில்லா வந்தாரு. எவ்ளோ இருந்தாலும் எடுத்துக்கறேன்னு சொல்லிக்கினு போனாரு. அப்புறம் நாங்க எல்லாரும் கூடிப் பேசி மூட்டைக்கு ஒரு ரேட்டு வெச்சுட்டோம்."

"யாருங்க அவரு?" என்றார் மேலாளர்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அட, இவருதாங்க!"

மேலாளர் சிரிக்கவில்லை. என் அறிக்கையை வாங்கி, பூஜ்யத்தை அடித்து, முதலாளி சொன்ன ரேட்டை எழுதி, மூட்டை மேலேயே வைத்துக் கூட்டினார். என் எரிகட்டி சவுக்குக் கட்டையைவிட விலை அதிகமாக வந்தது.

"சூளைக்காரன் எதுக்குங்க இத வாங்கணும்?" என்று மட்டும் கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில் என் டிக்கெட்டையும் அவரே எடுத்தார். அதுதான் அந்த வங்கி எனக்குக் கொடுத்த ஒரே கடன்.

பழைய வேலைக்கே கெஞ்சிப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் கதை எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. கல்யாணமானதும் முதல் வேலையாக அம்மா அதை என் மனைவியிடம் ஒப்படைத்தாள்.

போன வருஷம் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேசப் போனோம்.

"அப்பா, நீங்க எறங்காதீங்க. நீங்க கேட்டா ரேட்டு ஏறிடும்" என்று மகள் என்னைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டாள். மண்டபத்துக்காரர் எட்டிப் பார்த்து, "சார் வரலீங்களா? கார்ல யாருங்க அவரு?" என்றார்.

"டிரைவருங்க" என்றாள் என் மனைவி.