உள்ளறைக்கு ஒரு பல்பு

திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு உள்ளறை பல்பு பணி ஓய்வு பெற்றது. ஜன்னல் இல்லாத அறை. நகர்த்த முடியாத கனத்தில் ஒரு மிதி மெஷினைப் போட்டு என் மனைவி அங்கேதான் துணி தைக்கிறாள். மின்சிக்கன அலுவலகத்துக்குப் பன்னிரண்டு நீலச் சட்டைகள். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். சொதப்பினால் அதுவே கடைசி.

"கடைக்குப் போய் ஒரு பல்பு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

இருபத்தாறு வருடம் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவனிடம் சொல்கிற பேச்சா இது? வாங்குவது கடைசிக் கட்டம். முதலில் தேவையை நிறுவ வேண்டும். நான் தலைவர், மச்சினன் தொழில்நுட்ப உறுப்பினர் என்று உடனடியாகக் குழு அமைந்தது. மச்சினன் ஒருமுறை ஃபேன் மாட்டியவன். அது இன்னும் சுற்றுகிறது, சத்தத்தோடு.

"நானே போய் வாங்கிக்கறேன்."

"குழு கூடியிருக்கும்போது தனிநபர் கொள்முதல் செல்லாது" என்று பொறுமையாக விளக்கினேன். அவளுக்கு வாதாட நேரமில்லை. சட்டை இருந்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனோம்.

"எத்தனை வாட் சார்?" என்றார் கடைக்காரர்.

"வாட் பாக்குறதெல்லாம் பழசு. இப்ப லூமன்தான் பாக்கணும்" என்றான் மச்சினன்.

"சரி, எத்தனை லூமன்?"

"பரிசீலனையில இருக்கு" என்றேன்.

"வெள்ளை வெளிச்சமா, மஞ்சளா?"

"அதுவும்."

"ரூம் எவ்வளவு பெருசு?"

'அறையை அளக்க வேண்டும்' என்று மச்சினன் குறித்துக்கொண்டான். கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை அறையை அளக்கப் போனோம். இருட்டில் டேப்பின் எண்கள் தெரியவில்லை. வெளிச்சம் வந்தபின் அளப்பது என்று தீர்மானம் நிறைவேறியது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க, ஊசி கோக்கணும்" என்றாள் மனைவி.

"கண்ணு தெரியுதா உனக்கு?"

"இல்ல. தடவித்தான்."

வியாழக்கிழமை மச்சினன் ஓடிவந்தான். "மாமா, நாலு நாளா அந்த ரூமுக்கு ஒரு சொட்டு கரண்ட்கூட செலவாகல."

உண்மைதான். சந்தையிலேயே சிறந்த பல்பும் கொஞ்சமாவது மின்சாரம் தின்னும். இல்லாத பல்பு தின்னாது. 'மேற்படி அறையில் பல்பு பொருத்தாதிருத்தலே ஆகச் சிறந்த தெரிவு எனக் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை அவள் சட்டைகளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். பன்னிரண்டிலும் பச்சை நூல். மூன்றில் பாக்கெட் வலது பக்கம். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது நான் மன்னிப்பின் முதல் வரைவோடு தயாராக இருந்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"பச்சை நூல் ஏன்னு கேட்டாங்க. பல்பு இல்லாம இருட்டுல தைச்சேன்னு உண்மையச் சொல்லிட்டேன்."

"போச்சு."

"அதிகாரி எழுந்து நின்னு கும்பிட்டாரு. மின்சாரமே இல்லாம தைச்ச சட்டையாம். இன்னும் இருநூறு வேணுமாம். பல்பு இல்லாத ரூம்ல தைச்சதுன்னு எழுத்துல அத்தாட்சி மட்டும் குடுக்கணுமாம்."

நான்கு நாளாக இருட்டில் தடவிக்கொண்டிருந்தவள், நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க அறிக்கையைக் குடுங்க. வெறும் கையெழுத்து பத்தாது, முத்திரை ஒண்ணு குத்துங்க. என்னையும் குழுவுல சேத்துக்கோங்க."

என் பணிக்காலத்தில் நடைமுறைக்கு வந்த ஒரே அறிக்கை அது. இருநூறு சட்டைக்கு உள்ளறை மட்டும் போதாது என்பதால், ஹால் பல்பைக் கழற்ற மச்சினன் ஸ்டூல் எடுக்கப் போனான்.