எஞ்சினுக்குள்ளே என்ன மஞ்சள்?

பழைய ஆயில் பில்டரை மேஜையோரத்து வைஸ் பிடியில் இறுக்கி, ஹேக்ஸா ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருந்த காகித மடிப்பை விரித்தபோது மெக்கானிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கறுத்த எண்ணெய்க்கு நடுவே ஏதோ மினுங்கியது.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். மினுங்கியது ஒன்றல்ல, நூறு இருக்கும்.

வேறு யார் வண்டியாக இருந்தாலும் அவருக்கு இவ்வளவு வியர்த்திருக்காது. இது மாமனாரின் வண்டி. விளையாட்டு மைதானத்தைப் பராமரிக்கும் மாமனார், தான் உட்கார்ந்து ஓட்டுகிற அந்தப் புல் வெட்டும் டிராக்டரைப் பெற்ற மகளைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். மகளையாவது ஒன்பது வருஷத்துக்கு முன்பே மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டார். டிராக்டரை இந்தத் திங்கட்கிழமைதான் ஒப்படைத்தார். அதுவும், "ஆயிலை மட்டும் மாத்துங்க மாப்பிள்ளை. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் போட்டி. அதற்குள் வண்டியைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்து, மாமனார் வாயால் 'பரவாயில்லை' என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். ஒன்பது வருஷமாக மெக்கானிக் மனசில் கிடந்த ஆசை அது ஒன்றுதான்.

பழைய பில்டரை அறுத்துப் பார்க்கிற வித்தையைப் போன வாரம் ஒருநாள் பயிற்சியில் கற்றிருந்தார். சிக்கியிருக்கும் துகள் என்ன உலோகம் என்று தெரிந்தால், எஞ்சினில் எது தேய்கிறது என்று திறக்காமலே சொல்லிவிடலாம். பயிற்சிக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் போனார். முதல் அரை மணி எங்கேயும் வரவேற்புரைதானே என்று டீயை நிதானமாகக் குடித்துவிட்டுப் போனார். மற்றபடி கடைசிவரை உட்கார்ந்து, சான்றிதழ் வாங்கி, பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தார்.

காந்தத்தை அருகில் கொண்டுபோனார். துகள்கள் துள்ளி வந்து ஒட்டின. சரி, இரும்பு. ஆனால் அவற்றில் சில மஞ்சளாக இருந்தன. மஞ்சள் என்றால் பித்தளை. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. இது ஒட்டியது.

வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அதைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"எஞ்சினுக்குள்ளே மஞ்சளா என்ன இருக்கும்?"

"என்னைக் கேட்டா? அடுப்படியில மஞ்சள் எங்கே இருக்குன்னு கேளுங்க, சொல்றேன்."

"விளையாடாதே. இங்க பாரு, மஞ்சளா இருக்கு, ஆனா காந்தத்துல ஒட்டுது."

மனைவி குனிந்து பார்த்தாள். "உங்க சட்டையிலயும் ஒட்டியிருக்கு. மேஜை பூராவும் கிடக்கு."

"பில்டர்ல இருந்து கொட்டினதுதான். உள்ளே அவ்வளவு இருக்கு."

"எங்கப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

மெக்கானிக் காந்தத்தை ரொம்ப அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு பில்டரை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கழிவு டிரம்மைக் கவிழ்த்து, வாடிக்கையாளர்களின் புல் வெட்டும் டிராக்டர்களில் கழற்றிய ஐந்து பில்டர்களைத் தேடி எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தையும் அறுத்தார். தூளைப் பெட்ரோலில் கழுவி, மனைவியின் டீ வடிகட்டியில் வடித்தார். ஐந்திலும் இரும்பு. ஐந்திலும் மஞ்சள்.

போனை எடுத்தார். பல் டாக்டர், நர்சரிக்காரர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை என்று ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டு: "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க. உள்ளே இரும்பு இருக்கு."

"எஞ்சினே இரும்புதானே?" என்றார் தலைமையாசிரியை.

"இது வேற இரும்புங்க, மேடம்."

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஐந்து டிராக்டர்களையும் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். மனைவி கடைக்குப் போகக் கிளம்பி, வாசலைத் தாண்ட வழியில்லாமல் பல் டாக்டரின் வண்டி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, நான் வெளியே போகணுமா, வேண்டாமா?"

"கொஞ்சம் பொறு. மாமா வண்டியைத் திறந்து பார்த்தா எல்லாம் தெரிஞ்சுடும்."

"எதையும் தொடாதீங்கன்னு சொன்னாரே."

"சொன்னார். பார்க்காதீங்கன்னு சொல்லலியே."

திறந்தார். பழைய போர்வையை விரித்து எஞ்சினை நட்டு நட்டாக அதன் மேல் பரப்பினார். ஒவ்வொன்றையும் அளந்தார். ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு வழவழப்பு. மஞ்சளாகவும் எதுவும் இல்லை. தேயவே தேயாத எஞ்சினில் இத்தனை தூள் எங்கிருந்து வந்தது? மாமனார் மேல் இருந்த பயம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோய், அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதே ஜோரில், மிச்சமிருந்த அடிமூடியையும் நெம்பினார். எண்ணெய் கசியாமல் இருக்க நடுவே வைத்திருந்த கேஸ்கட் நார் நாராகக் கிழிந்தது. மாற்று வரப் பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை காலையில் மாமனார் வந்தார். வாசலில் நின்ற ஐந்து வண்டிகளையும் சுற்றி வளைத்து உள்ளே வந்து, போர்வையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை. ஆயில் மாத்தச் சொன்னேன்."

"வாங்கி வெச்சிருக்கேன், மாமா."

"எதுல ஊத்துவீங்க?"

மெக்கானிக் போர்வையைத் தாண்டி மேஜைக்குப் போனார். அன்று அவரிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. காலையில் எழுந்ததுமே ஒரு காரியம் செய்திருந்தார். அலமாரியில் இருந்து புத்தம் புது பில்டர் ஒன்றை எடுத்து, மஞ்சள் பெயிண்ட் பளபளக்கப் பெட்டியிலிருந்து உருவி, அதையும் அறுத்துவிட்டார். எஞ்சினையே பார்க்காத அந்தப் பில்டருக்குள்ளும் அதே தூள்.

"மாமா, உங்க எஞ்சின் தங்கம். கோளாறு எஞ்சின்ல இல்லை, பில்டர்ல. தூளோடவேதான் செஞ்சு அனுப்புறாங்க. நீங்களே பாருங்க."

மாமனார் மூக்குக் கண்ணாடியை மாட்டி, அதற்கு மேல் பூதக்கண்ணாடியையும் பிடித்துப் பார்த்தார்.

"புதுசுலயேவா?"

"பெட்டியைப் பிரிச்சதே நான்தான்."

"அப்ப இத்தனை வருஷமா எல்லாரும் எஞ்சினுக்கு இரும்புத்தூளைத்தான் ஊட்டிட்டிருக்கோம்?"

"ஆமா மாமா. இதுவரைக்கும் யாரும் அறுத்துப் பார்க்கலை."

மாமனார் நிமிர்ந்தார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை முதல்முறையாக முழுசாகப் படித்தார். பிறகு மருமகன் தோளில் கையை வைத்தார்.

"பரவாயில்லை, மாப்பிள்ளை."

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. கதவோரம் நின்ற மனைவிக்கும்தான்.

"நாளைக்கு மேட்சைத் தள்ளி வைக்கச் சொல்லிட்டேன்னு வைங்க," என்று மாமனார் போனை எடுத்து, கிளப் செயலாளரிடம் அப்போதே சொல்லியும் விட்டார். "என் மருமகன் ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடிச்சிருக்கார். ஆமா, என் மருமகன்தான்." போனை வைத்துவிட்டு, "இன்னொரு புது பில்டரை எடுங்க. என் கண் முன்னாடி அறுங்க. நானே பிடிச்சுக்கிறேன்" என்றார்.

மாமனார் பிடிக்க, மருமகன் அறுத்தார். பட்டறை முழுக்கக் கரகரவென்று சத்தம். அந்த நேரத்தில் கூரியர்க்காரர் டிராக்டர்களுக்கு நடுவே உடம்பைக் குறுக்கி நுழைந்து வந்தார்.

"சார், பார்சல். பயிற்சி மையத்துல இருந்து."

"கையெல்லாம் எண்ணெய். என்னன்னு நீங்களே படிங்க" என்றார் மெக்கானிக், ரம்பத்தை நிறுத்தாமல்.

கூரியர்க்காரர் மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"முதல் அரை மணி நேரத்துல எல்லாருக்கும் குடுத்த பில்டர் கட்டராம் சார், அப்ப நீங்க இல்லையாம், இது வந்து சேர்ற வரைக்கும் தயவுசெஞ்சு ஹேக்ஸாவால மட்டும் அறுத்துடாதீங்க, அறுக்கிற தூளும் டப்பா பெயிண்டும் உள்ளே விழும்னு போட்டிருக்காங்க."