பெர்மிட்டுக்குப் பூசிய மஞ்சள்

பக்தி முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதை என் வலது கட்டைவிரலைக் கேட்டால் சொல்லும்.

அப்போது நான் மலாயாவில் தெலுக் ஆன்சன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி (கணக்கு எழுதுகிறவனுக்கு அவ்வளவு பெரிய மீசை எதற்கு என்று கேட்காதீர்கள்). ரப்பர் விலை விழுந்ததால், சர்க்கார் பெர்மிட் இல்லாமல் ஒரு பெட்டிகூடக் கப்பலேறக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. அந்தத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லி துரை எங்கள் ஆபீசில் கொடுத்தார். மறுநாளோடு அது காலாவதி.

அன்று ஆயுத பூஜை. பால்வெட்டும் கத்திக்கும் வாளிக்கும் பொட்டு வைத்தார்கள். தோட்டத்துக்கே சோறு போடும் தாளுக்கு வேண்டாமா? நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சளைத் தாராளமாகப் பூசி சாமி முன்னால் வைத்தேன். மாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாத பெரிய கிராணி சவரிமுத்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"வேணாம்டா, அது சர்க்கார் தாளு."

"நீங்க வேதக்காரவுங்க, ஒங்களுக்குப் புரியாதுண்ணே."

மறுநாள் சுங்க ஆபீசில் வெள்ளைக்கார அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது மேல்மூலையில் மையால் எழுதிய பெர்மிட் எண்ணைக் காணோம். நான் எச்சில் தொட்டுத் துடைத்தேன். மஞ்சள் வந்தது. கூடவே எண்ணும் வந்துவிட்டது. கட்டைவிரலை நீட்டினேன்.

"நம்பர் இங்க இருக்குங்க."

பக்கத்திலிருந்த தமிழ் குமாஸ்தா சிரிக்கவில்லை. "வெரலக் கப்பல்ல ஏத்த முடியாது லா, தம்பி."

கப்பல் போய்விட்டது. ரப்பர் கொட்டகையிலேயே கிடந்தது. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். என் மனைவி செல்லம்மாவுக்கு அது ஏழாவது மாதம். இதைச் செய்தது யார் என்று துரை கத்தினார்.

"நாந்தாங்க தொரை" என்றார் சவரிமுத்து அண்ணன், கழுத்தில் சிலுவை தொங்க.

எந்தச் சாமிக்கு யார் மஞ்சள் பூசுவார்கள் என்பதெல்லாம் துரைக்குத் தெரியாது. அண்ணனைச் சின்னக் கிராணியாக்கி சிலிம் ரிவர் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. மாட்டு வண்டியில் அவர் ஏறும்போதுதான், "ஏண்ணே?" என்றேன்.

"எனக்குப் புள்ளகுட்டி இல்லடா. போய் ஒம்பொஞ்சாதியப் பாரு."

அன்று வயிற்றில் இருந்த எங்கள் மூத்தவன் இப்போது பெரிய முருக பக்தன். ஈப்போ தைப்பூசத்தில் அவன் காவடியோடு வரும்போது, செல்லம்மா வேண்டுமென்றே உரக்கக் கூப்பிடுவாள்: "டேய் சவரிமுத்து, பாத்து வாடா!" கூட்டமே திரும்பிப் பார்க்கும். முருகன் அடியாருக்கு ஏனம்மா இந்தப் பெயர் என்று யாராவது கேட்டால், என் கையைப் பிடித்திழுத்துக் கட்டைவிரலைக் காட்டுவாள்.