சூசைதாசன் துவக்குத் தெரிவுக் குழு

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகளுக்குள் மிகவும் நிதானமான முடிவு, தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரி காலத்தில், கனடாவின் மார்க்கம் நகரில், எங்கள் வீட்டு நிலக்கீழ் பேஸ்மன்றில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் என் கணவர் சூசைதாசன். நான் அந்த வரலாற்றுச் சம்பவத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியவள்.

இவரோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் இவரைச் சுடும் கிளப் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு போட்டி நடந்தது. சத்தம் கேட்டதும் பிஸ்டலை உருவ வேண்டும்; மறைப்புகளுக்குப் பின்னால் ஓடி ஓடி காட்போட் மட்டைகளைச் சுட வேண்டும்; யார் பிழைவிடாமல் கெதியாக முடிக்கிறாரோ அவர் கெட்டிக்காரர். துவக்குச் சத்தம் கேட்டு நாட்டை விட்டே ஓடிவந்த மனிதர், துவக்கையும் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தார். தனக்கும் ஒரு பிஸ்டல் வேண்டும் என்ற "ஞானத்தோடு" வீடு திரும்பினார்.

வேறு ஆட்கள் என்றால் கடைக்குப் போய் வாங்கியிருப்பார்கள். இவர் குழு அமைத்தார். தலைவர் தானே. உறுப்பினர்கள், கணக்காளரான இரத்தினவேல் அண்ணையும், கோயில் பாடகர் குழுவை நடத்துகிற சீமோனும். இருவரும் வாழ்நாளில் துவக்கைத் தொட்டதே இல்லை. அதனால் குழுவின் "நடுநிலைமை" பற்றி ஒருவரும் கேள்வி கேட்க முடியாது.

"ஒஸ்ரியாக்காரன்ர பிஸ்டல் பாரமில்லை. ஆனால் உடம்பு பிளாஸ்ரிக்," என்று தொடக்கி வைத்தார் இரத்தினவேல் அண்ணை.

"பிளாஸ்ரிக்கோ? நாலு சனத்துக்கு முன்னால எடுக்கேலுமே?" என்றார் சீமோன்.

"இத்தாலிக்காரன் நல்ல வடிவு. பிடிதான் கொஞ்சம் மொத்தம்."

"அப்ப செக் நாட்டுக்காரன்?"

"செக் நல்ல இடம். பாரம் கூட, அதால சுடேக்கை துள்ளாதாம்."

இவர் கையை உயர்த்தினார். "கண்டபாட்டுக்குக் கதையாதேங்கோ. வடிவைப் பாத்து, நாட்டைப் பாத்து, ஆரோ சொல்லினம் எண்டு எடுக்கிற சாமானே இது? கையில பிடிச்சுப் பாக்கோணும். பழகிப் பாக்கோணும். என்ர கைக்கு ஒத்துவருதோ எண்டு எனக்கெல்லோ தெரியும்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தேத்தண்ணிக்கு வைத்த மீன் பற்றிசும் முடிந்தது.

அன்றிலிருந்து இவர் பழகிப் பார்த்தார். கிளப்பில் ஒவ்வொருவரின் பிஸ்டலையும் அவரவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுட்டுப் பார்த்தார். வடக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டிய பாரி நகருக்கும் அப்பால் ஒரு கடையில் நல்ல பிடியுள்ள ஒன்று இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, கொட்டுகிற ஸ்னோவில் காரை எடுத்தார். விரல் விசைக்குப் போதிய அளவு எட்டவில்லை என்று வெறுங்கையோடு வந்தார். வீட்டில் சோற்றுக் கரண்டியை பெல்ற்றில் செருகி, கண்ணாடிக்கு முன்னால் உருவிப் பழகினார். இப்படிப் பொறுமையான ஒரு மனிதரைக் கட்டியதற்காக நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு "சின்ன அலுவலும்" நடந்தது. எங்கள் மகள் பேர்ணடெற்றின் கல்யாணம்.

சீமோன் ஒரு படம் கொண்டுவந்தார். அரை மணித்தியால ஓட்டத்தில், விட்பியில் இருக்கிற இஞ்சினியர். இவர் டீவி ஹொக்கியின் விளம்பர இடைவேளையில் அந்தப் படத்தைப் பார்த்தார். விளம்பரம் முடிவதற்குள் முடிவும் எடுத்தார்.

"நல்ல வடிவு. நல்ல குடும்பம். வாற ஞாயிறு பூசை முடிய வார்த்தை குடுப்பம்."

"அப்பா, நான் அவரோட முதல்ல கதைக்கோணும். ஜஸ்ற் ஒரு கோப்பி," என்றாள் பேர்ணடெற்.

"விட்பி என்ன பக்கத்திலயே, பிள்ளை? ஃபோர் ஓ வன் ஹைவே முழுக்க ஸ்னோ."

"நீங்கள் பாரிக்குப் போனீங்கள்தானே?"

"அது தேவைக்குப் போனது."

வியாழக்கிழமை குழு கடைசி முறையாகக் கூடி, செக் பிஸ்டலைத் தெரிவு செய்தது. தேத்தண்ணித் தட்டோடு நான் இறங்கப் போனேன். பேர்ணடெற் தட்டை வாங்கிக்கொண்டு தான் இறங்கினாள். நான் படியில் நின்றேன்.

"சீமோன் அங்கிள், வாங்கின பிறகு உது அப்பாவின்ர கைக்குச் சரிவராட்டி என்ன செய்யிறது?"

"வித்துப்போட்டு வேறை எடுக்கலாம், பிள்ளை. உதுக்கேன் யோசிக்கிறாய்?"

"விட்பிக்காரர் எனக்குச் சரிவராட்டி?"

இரத்தினவேல் அண்ணை தன் பற்றிசைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தார்.

"அது... பழகப் பழகச் சரிவரும்," என்றார் சீமோன்.

அவள் தட்டை வைத்துவிட்டு, என்னைத் தாண்டி மேலே போனாள். அறைக் கதவு அடித்த சத்தத்துக்குக் குழு முழுவதும் தலையைக் குனிந்தது. அவள் அழுதது படியில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

மறுநாள், இவர் முன்பே போட்டுவைத்த விண்ணப்பத்துக்காகப் பொலிஸிலிருந்து போன் வந்தது. பிஸ்டலுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன் மனைவியிடம் விசாரிப்பார்களாம். இவர் எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்து, இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திப் பிடித்தார்.

"மேடம், உங்கள் கணவர் நிதானமானவரா?" என்று அதிகாரி கேட்டார்.

"துவக்கு விசயத்தில் அவரைப்போல நிதானமானவர் இல்லை."

"மற்ற விசயங்களில்?"

"மற்ற விசயங்களில் அவசரக்காரர். அந்த அவசரத்தால் எங்கள் பிள்ளைக்குக் கேடு வரப்போகிறது."

கட்டைவிரல்கள் இறங்கின. அதிகாரியின் குரலும் மாறியது.

"மேடம், பிள்ளைக்கு இப்போது ஏதும் ஆபத்தா?"

"இப்போது இல்லை. ஞாயிறு பூசை முடிந்த பிறகுதான்."

நடந்ததை விளங்கப்படுத்தினேன். அவர் இருமினார். சிரிப்பை மறைத்திருக்கலாம்.

"திங்கட்கிழமை திரும்ப எடுக்கிறேன், மேடம்," என்றார்.

போனை வைத்தேன்.

"என்னவாமப்பா?" என்று இவர் என்னைக் கேட்டார்.

"திங்கள் திரும்ப எடுப்பினமாம். பிள்ளை எப்பிடி இருக்கிறாள் எண்டு கேட்டுப்போட்டுத்தான் பிஸ்டலுக்கு அனுமதியாம்."

இரண்டாவது வசனம் என்னுடையது. அதற்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

சனிக்கிழமை காலை ஃபோர் ஓ வன் முழுக்க ஸ்னோ. இவர் தானே காரைத் துப்புரவாக்கி, தானே மகளை விட்பிக்குக் கூட்டிப்போனார். அவளும் அந்தப் பையனும் கோப்பிக் கடைக்குள் இருந்து கதைத்து முடியும்வரை, இவர் வெளியில் காருக்குள் விறைத்துப்போய் இருந்தார். வந்து ஏறியவள், இன்னும் நாலைந்து தரம் சந்தித்துத்தான் முடிவு சொல்வேன் என்றாளாம். "ஓம் பிள்ளை, ஆறுதலாச் சொல்லு. திங்கள் வரைக்கும் சிரிச்ச முகமா இரு," என்றாராம் இவர்.

ஞாயிறு வார்த்தை கொடுக்கவில்லை. மகளின் மனமறிந்து நடக்கிற தகப்பன் என்று கோயிலில் எல்லோரும் இவரை மெச்சினார்கள். நானும் மெச்சுகிறேன். துவக்குக்காக இவர் செய்யாத தியாகமே இல்லை.