கைப்பிடி வைத்தியர்

மணலில் பைக் ஓட்டும் ஊர்களில் ஓட்டத் தெரிந்தவர்கள் சிலர், விழத் தெரிந்தவர்கள் பலர். நான் இரண்டாவது ரகம். இந்த இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: கைப்பிடி வைத்தியர். உங்கள் கை வலிப்பது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

பாலைவன ஓரத்து ஊரான எங்கள் மெர்சூகாவில் அவர் பெயர் ஹம்மூ. ரிஸ்ஸானி ஊருக்குப் போகும் சாலையில் செல்போன் கடை வைத்திருக்கிறார். பைக் கிடையாது. ஹெல்மெட் உண்டு; அதை அவர் தலையில் யாரும் பார்த்ததில்லை, முழங்கையில்தான் தொங்கும். நீங்கள் மணல்மேட்டிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்கத் தலையை அண்ணாந்தால் போதும், எங்கிருந்தோ முளைத்து, சலாம் சொல்லி, வீட்டாரை விசாரித்து, ஆடுகளை விசாரித்து, அந்த விசாரிப்புக்கு நடுவிலேயே உங்கள் முன்கையைப் பற்றி, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார்.

"கல்லு."

மாட்டிக்கொண்டீர்கள். டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் சாய்மானத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, முன்பாதத்தில் ஊன்றி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கைகளை வெளிப்பக்கமாக உயர்த்திக்கொண்டு அரைகுறையாக நிற்பார். நாற்காலி முனகும்.

"வண்டியப் புடிக்க வேண்டியது முழங்காலு தம்பி. கை சும்மா வந்த விருந்தாளி. கிளட்சுக்கு ஒரு விரல், பிரேக்குக்கு ஒரு விரல். மூச்ச விடு! மிச்ச விரலால புடிக்காதே, தொடு! சூடான டீ கிளாஸ எப்படித் தொடுவே? அப்படி!"

சொல்வது அத்தனையும் சரி. அதுதான் வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்கிறவரைத் திட்டிவிட்டுப் போகலாம். சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது? அதுவும் எல்லாவற்றையும் நீங்கள் புறப்படுகிற நொடியில், ஒரே மூச்சில் சொன்னால், எந்தக் கை தளரும்?

ரப்ஹாவைக் கேளுங்கள். எங்கள் ஊரில் அவளைப் போல் மணலில் பறக்கிறவர்கள் இல்லை. எங்கள் மணல் பந்தயத்தில் முதலில் முடிக்கும் உள்ளூர்க்காரரைத் தங்களோடு சேர்த்துக்கொள்வதாக, நெடுந்தூர பைக் பந்தயங்களுக்குப் போகும் ஒரு ராலி குழு சொல்லியிருந்தது. வசந்தத்தில் நடந்த பந்தயத்தில் அவள்தான் முன்னால் போனாள். ஐந்தாம் சுற்றில் ஹம்மூ பாதையோரம் கட்டியிருந்த கயிற்றை ஒட்டிக் கூடவே ஓடி, "விரலு! விரலப் பாரு!" என்று கத்தினார். பாவம், பார்த்தாள். பார்த்ததும் பிடி இறுகியது, முன்கை மரத்தது, விரல் கிளட்சை இழுக்க மறுத்தது. பைக் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உள்ளூர்க்காரர் யாருமே முடிக்காததால், பேரீச்சை அறுவடைக்கு இன்னொரு தடவை வருகிறோம், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனது குழு.

அறுவடைப் பந்தயத்தன்று புறப்படும் கோட்டில் ஹம்மூ தயாராக நின்றார். ரப்ஹா அவரை வாய் திறக்கவே விடவில்லை. விளிம்பு வரை ஊற்றிய புதினா டீயை அவர் கையில் வைத்தாள்.

"அண்ணே, இது என் டீ. ஆறு சுத்தும் முடிச்சிட்டு வந்து குடிப்பேன். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. உங்கள நம்பித்தான் குடுக்கறேன்."

"ஆறிப் போயிடுமே, தங்கச்சி!"

"ஆறட்டும்."

நிறைந்த கிளாஸோடு ஒரு மனிதர் ஓட முடியுமா? கையை ஆட்ட முடியுமா? கத்தினால்கூடத் தளும்பும். முதல் சுற்றில் விளிம்பை இரண்டே விரலால் தொட்டபடி கம்பீரமாக நின்றார். மூன்றாம் சுற்றில் ஐந்து விரலும் சேர்ந்தன. நான்காம் சுற்றில் இரண்டு கையும். ஐந்தாம் சுற்றில், போன தடவை விழுந்த அதே மேட்டுக்குப் பின்னால் அவள் மறைந்தபோது, அவர் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. அவள் மறுபடி விழுந்துவிடக் கூடாதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேட்டின் மேல் தெரிந்தாள். முழங்கை உயர்ந்திருந்தது, முழங்கால் டேங்கை அணைத்திருந்தது, கை விருந்தாளியாக இருந்தது. விரலைப் பார்க்கச் சொல்ல ஆளில்லை; அவளும் பார்க்கவில்லை.

முடித்தபோது அவளுக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர். உள்ளூர்க்காரர் ஒருவருமில்லை. குழுவின் ஆள் அவள் பெயரைக் குறித்துக்கொள்ளும்வரை நின்று பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடி நேராக ஹம்மூவிடம் வந்தாள்.

"என் டீ?"

டீ அவர் கால்சட்டையில் இருந்தது. கிளாஸ் கையில் இருந்தது. கொடுக்கத்தான் பார்த்தார், விரல் திறக்கவில்லை. ரப்ஹா அவர் முன்கையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"கல்லு."

பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "புடிக்காதீங்கண்ணே. தொடுங்க."

சிரியுங்கள், சிரியுங்கள். மணலில் பைக் ஓட்டாத உங்களுக்கும் இப்போது முழங்கால், முழங்கை, ஒற்றை விரல் எல்லாம் தெரிந்துவிட்டது. நாளைக்கு எவராவது கையை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவீர்களா? சத்தியமாக? சரி, நம்புகிறேன். ஆனால் ரப்ஹா அந்த மேட்டுக்குப் பின்னால் மறைந்தபோது இந்தப் புத்தகத்தை எத்தனை விரலால் பிடித்திருந்தீர்கள்? கட்டைவிரலைப் பாருங்கள். வெளுத்திருக்கிறது.