விடாமல் தட்டிய முகவரி

தனியாக இருப்பவளுக்கு ரோஷமும் சேர்ந்துவிட்டால், அவளைக் கெடுக்க வேறு ஆள் தேவையில்லை.

வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு நெட்வொர்க் வேலை கிடைத்தது. "பொட்டப்புள்ள தனியா அங்க போயி என்னா பண்ணப்போற?" என்றார் அப்பா. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். குரலைக் குறைத்துப் பழக்கமில்லை. நானும் பதிலுக்குக் கத்திவிட்டுக் கிளம்பினேன். ஆபீஸ் லேண்ட்லைன் நம்பரைக்கூடக் கொடுக்கவில்லை. (அவ்வளவு வீரம்.)

மாலையானால் எல்லோரும் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார்கள். குவார்ட்டர்ஸில் நான் மட்டும். செல்போனுக்கு டவர் கிடையாது. கம்பெனி வைஃபை வழியாக யாராவது இன்டர்நெட்டில் கூப்பிட்டால்தான் உண்டு.

முதல் வேலையாக, ஊடுருவலைத் தடுக்கும் சென்சாரை என்னிடம் ஒப்படைத்தார்கள். வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வருவதையெல்லாம் அது சோதிக்கும்; சந்தேகப்பட்டால் வழியை அடைத்துவிடும். புதிதாக வைத்தால், கொஞ்ச நாள் அதை வேடிக்கை மட்டும் பார்க்கவிட வேண்டும். எது வழக்கம், எது வம்பு என்று தெரிந்த பிறகே தடுக்க விடலாம். நான் அன்றைக்கே தடுக்க விட்டேன். ஒரே இன்டர்நெட் முகவரியிலிருந்து யாராவது உள்ளே வரச் சிலமுறை தட்டினாலே தாக்குதல்தான் என்று விதியும் எழுதினேன்.

மறுநாளே ஒருவன் சிக்கினான். காலையில் தட்டினான், மத்தியானம் தட்டினான், சாயங்காலம் வெறி பிடித்தவன்போலத் தட்டினான். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். மேனேஜர் எட்டிப்பார்த்து, "பலே! வந்த ஒடனே பெரிய ஆள மடக்கிட்டீங்களே" என்றார்.

அந்தப் பாராட்டைச் சொல்ல எனக்கு ஆளில்லை. ஃபோனைப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. அவர்களே கூப்பிடட்டும் என்று இருந்தேன். என் பிறந்தநாளும் வந்தது. கேன்டீனில் வாங்கிய கேசரியை அறையில் உட்கார்ந்து தின்றபடி, சத்தம் குறைந்திருக்கிறதா என்று ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழுச் சத்தத்தில்தான் இருந்தது. என்னைத் தலைமுழுகிவிட்டார்கள் என்று முடிவு செய்து கொஞ்சம் அழுதேன். (கேசரியை மிச்சம் வைக்கவில்லை.)

அடுத்த நாள் கேட்டில் ஒரு தக்காளி வண்டி வந்து நின்றது. அதிலிருந்து அப்பா குதித்தார்.

"எம்பொண்ணு உசுரோட இருக்காளாங்க? கூப்பிட்டுக் கூப்பிட்டு வெரலு தேஞ்சிபோச்சி. வூட்ல அவங்கம்மா சோறு திங்கல!"

மேனேஜர் அவரை உள்ளே அழைத்துவந்து என் மேஜைக்கு எதிரே உட்காரவைத்தார். "நல்லா இருக்காங்க. எவனோ நாள் பூரா நம்ம நெட்வொர்க்க அட்டாக் பண்றான். உங்க பொண்ணுதாங்க தடுத்து வெச்சிருக்காங்க."

"எவன்ங்க அவன்? எந்த ஊருக்காரன்?" அப்பா எழுந்தே விட்டார்.

மேனேஜர் அவரைச் சமாதானப்படுத்தி, லேண்ட்லைனில் வீட்டுக்குப் பேசச் சொன்னார். "புள்ள நல்லாத்தான் இருக்கா" என்று அப்பா சொன்னதும், அம்மா நம்பாமல், முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்கு வீடியோ கால் போட்டாள். என் ஃபோன் அடிக்கவில்லை. திரையில் புதிதாக ஒரு சிவப்பு வரி விழுந்தது. அதே முகவரி.

மேனேஜர் திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னை. "நீங்கதாங்களா அது?" என்றார் அப்பாவிடம், மிகவும் மரியாதையாக.

தடையை நீக்கியதும் ஃபோன் அடித்தது. எடுத்தேன். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அம்மா சோற்றுத் தட்டை எடுத்தாள்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் அப்பா இன்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, "இவ கம்பெனிய அட்டாக் பண்ணவன் நாந்தாங்க" என்றுதான். நான் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில், மறுபடியும் தனியாகத்தான் இருக்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் அடிக்காமலே பொழுது சாய்ந்துவிடும். அப்போதெல்லாம் லேப்டாப்பைத் திறந்து, யாரையாவது தடுத்து வைத்திருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.