பாதி வழியில் திரும்பும் எறும்பு

காலை மீட்டிங்கில் எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருக்க, விஜயராகவனின் சட்டைப் பையிலிருந்து ஓர் எறும்பு வெளியே வந்து காலரை நோக்கி நடந்தது. பின்னாலேயே இன்னொன்று.

மேனேஜர் பழனிவேல் பேச்சை நிறுத்தினார். "பாக்கெட்ல இன்னா சார்?"

"சர்க்கரை, சார்."

"எதுக்கு?"

"எனக்குத் திடீர்னு சுகர் எறங்கிடும். மயக்கம் வரும். அப்போ வாயில போட்டுக்க."

பொய் சொல்லிப் பழகாதவர்கள் சொன்னால் இப்படித்தான், தேவைக்கு மேல் நீளும்.

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி அது. விஜயராகவன் அங்கே குவாலிட்டி சூப்பர்வைசர். அதற்கு முன் பல்கலைக்கழகத்தில் எறும்புகளை ஆராய்ந்தவர். தீனியை நோக்கி வரிசையாகப் போகிற எறும்புகளில் ஒன்றிரண்டு மட்டும் பாதி வழியில் திரும்பிவிடுகின்றன. ஏன்? அந்த ஒரு கேள்விக்காகவே அவர் ஆசையாகக் கண்விழித்த காலம் உண்டு. "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டது நிதி கொடுக்கிற கமிட்டி. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நிதியை நிறுத்திவிட்டார்கள்.

கம்பெனியில் பேக்கிங் கூடத்தின் பின்சுவரோரம் ஓர் எறும்பு வளையைக் கண்ட நாளில், பஸ் ஜன்னலில் பழைய காதலியைப் பார்த்தவர் போல அப்படியே நின்றுவிட்டார். அன்றிலிருந்து கேன்டீனில் சர்க்கரையில்லாத டீ, தனியாகக் காகிதத்தில் சர்க்கரை. சர்க்கரை எறும்புகளுக்கு. சாப்பாட்டு இடைவேளை முழுக்கச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க அந்த நேரத்துக்காகத்தான் ஏங்கிக் கிடப்பார்.

பழனிவேல் நல்ல மனிதர், அதுதான் வம்பு. உடனே விஜயராகவனைக் கம்பெனி நர்ஸ் கவியாவிடம் அனுப்பினார். திருநெல்வேலிப் பெண்ணான அவள் ரத்தம் எடுத்துப் பார்த்தாள்.

"எறங்கலியே சார். ஏறில்லா கெடக்கு."

இனி அவருக்குச் சர்க்கரையே தரக்கூடாது என்று கேன்டீனுக்கு உத்தரவு பறந்தது. டீ போடும் சந்திரம்மாள் சர்க்கரை டப்பாவை மூடினாள். "நர்ஸம்மா வையும் சார்."

விஜயராகவனுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டிலிருந்து முழு அச்சு வெல்லத்தையே கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். பங்குனி வெயிலில் வெல்லம் உருகியது. ஷட்டருக்கு அடியில் ஒழுகி பேக்கிங் கூடத்துக்குள் போனது. எறும்புகளும் குடும்பத்தோடு பின்தொடர்ந்து, வெளிநாட்டுக்குப் போகவிருந்த பெட்டிக்குள் குடியேறின.

பழனிவேல் தலையில் கை வைத்தார். "மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுங்க."

"வேணாம் சார். வெளிய கொஞ்சம் தள்ளி இனிப்பு வெச்சா அதுங்களே போயிடும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி அதைத்தான் சார் ஆராய்ச்சி பண்ணேன்."

டீத் தட்டோடு வந்த சந்திரம்மாள் ஓரமாக நின்றாள். பழனிவேல் கேலி செய்யவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"எறும்பையா? அதனால இன்னா சார் யூஸ்?"

கமிட்டி கேட்ட அதே கேள்வி.

மறுநாள் காலையிலேயே மருந்து அடித்துவிட்டார்கள். இடைவேளையில் விஜயராகவன் சுவரோரம் போய் உட்கார்ந்தார். மருந்து வாடைதான் இருந்தது, ஒன்றும் ஊரவில்லை. இனி இங்கே உட்கார ஒரு காரணமும் இல்லை என்று தெரிந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

கழனித் தண்ணீர் ஊற்ற வந்த சந்திரம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"நேத்து நீங்க சொன்னதக் கேட்டுகினுதான் இருந்தேன் சார். சாயங்காலமே கம்பெனி கேட்டுக்கு அந்தாண்ட வேப்பமரத்தாண்ட, நீங்க தெனம் போடற மாதிரியே சக்கரையக் கொட்டிட்டேன். எறும்புங்க பாதிக்கு மேல அங்கதான் கீது."

விஜயராகவன் அண்ணாந்து பார்த்தார். "நான் வாங்கற சர்க்கரை எறும்புக்குன்னு உங்களுக்கு எப்படி...?"

"தெனம் காகிதத்துல ஒரு ஸ்பூன் கூடப் போட்டு மடிச்சது யாருன்னு நெனச்சீங்க? தண்ணி ஊத்த வரப்போ நானும் பாத்துகினுதானே இருக்கேன்." சந்திரம்மாள் அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அது கெடக்கட்டும் சார். போறதுல ஒண்ணு ரெண்டு பாதி வழில திரும்பிக்குதே, அது ஏன் சார்?"